ஏஐ சொன்ன வினை குடுவையில் நடக்குமா?

வினைபடுபொருள்களைக் கொடுத்தால் விளைபொருளைச் சொல்லும் ஏஐ மாடல்கள் மருந்து ஆய்வில் சகஜமாகிவிட்டன. 2019-இல் வந்த மாலிக்யூலர் டிரான்ஸ்ஃபார்மர் என்ற மாடல், பொதுச் சோதனைத் தரவில் சுமார் 90 சதவீதம் சரியாகச் சொன்னது. அந்த எண்ணை நம்பி நேரே ஆய்வகத்துக்குள் நுழைவதுதான் பலரும் செய்யும் தவறு.

அது படித்த பாடம் அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்கள். அவற்றில் பெரும்பாலும் கைகூடிய வினைகளே இருக்கும்; சொதப்பியதை யார் எழுதுகிறார்கள்? அதனால் ‘இது வினையே புரியாது’ என்று சொல்ல மாடலுக்குத் தெரியாது, எதையாவது வரைந்து கொடுத்துவிடும். இன்னொன்று, ஒரே காப்புரிமையில் ஒரே முறையில் செய்த சேர்மங்கள் டஜன் கணக்கில் இருக்கும். தரவைப் பயிற்சிக்கும் தேர்வுக்குமாகக் குலுக்கிப் பிரித்தால் அண்ணன் பயிற்சியிலும் தம்பி தேர்விலும் உட்கார்ந்துவிடுவார்கள். காப்புரிமை வாரியாகவோ ஆண்டு வாரியாகவோ பிரித்துப் பாருங்கள், மதிப்பெண் இறங்கும்.

2018-இல் சயன்ஸ் இதழில், கார்பனையும் நைட்ரஜனையும் பிணைக்கும் புக்வால்ட்-ஹார்ட்விக் வினையின் விளைச்சலைக் கணிக்கும் மாடல் ஒன்று வெளியானது. அதே ஆண்டு வேறு இருவர், மூலக்கூறுகளின் வேதிப் பண்புகளை எடுத்துவிட்டு வெறும் தற்செயல் எண்களைப் போட்டார்கள். மாடல் கிட்டத்தட்ட அதே அளவு நன்றாகக் கணித்தது! வேதியியலே தெரியாமல் தேர்வின் அமைப்பைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றாகிவிட்டது. இந்தச் சோதனைக்குப் பெரிய செலவில்லை. என்னைக் கேட்டால், இதைச் செய்யாத மாடலை நம்பவே கூடாது.

இரண்டு கார்பன்களைப் பிணைக்கும் சுசுகி வினைக்குக் கரைப்பானும் காரமும் பரிந்துரைக்கச் சொன்னாலும் இதே கதைதான். ‘எல்லோரும் அதிகம் பயன்படுத்துவது எது’ என்பதையே அது திருப்பிச் சொல்லக்கூடும்.

அப்புறம், மூலக்கூறை எழுத்துகளால் எழுதும் ஸ்மைல்ஸ் சரத்தைச் சுத்தம் செய்யும்போது ‘அட்’ (@) குறிகள் தொலைகின்றனவா என்று பாருங்கள். அவை போனால் மூலக்கூறின் இடக்கை, வலக்கை வடிவங்களுக்கு வித்தியாசம் இருக்காது, உடலுக்கு இருக்கும்.

கடைசியாக, முக்கிய விளைபொருள் சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என நினைப்பதும் தவறு. 2018-இல் வல்சார்டன் என்ற இரத்த அழுத்த மருந்து பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. தயாரிப்பு முறையை மாற்றியபோது, டிஎம்எஃப் கரைப்பானிலிருந்து பிரிந்த டைமெத்தில் அமீன், வினையில் மிஞ்சிய அசைடு என்ற வேதிப்பொருளை அழிக்கச் சேர்த்த சோடியம் நைட்ரைட்டோடு வினைபுரிந்து என்டிஎம்ஏ என்ற மாசு உருவாகியிருந்தது. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. முக்கிய விளைபொருளை மட்டும் கேட்டால் வல்சார்டன் என்றுதான் மாடல் சொல்லும், அதுவும் சரியான விடைதான். துணை வினைகளையும் கரைப்பான் சிதைவையும் நாம்தான் தனியாகக் கேட்டாக வேண்டும்.