பரிணாமமா, படைப்பா? வாதத்தில் இறங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘பரிணாம வளர்ச்சி’ என்று எழுதும்போதே நாம் முதல் தவறைச் செய்துவிடுகிறோம். பரிணாமம் என்றால் மாற்றம். அதனோடு வளர்ச்சியைக் கோத்தவுடன், புழுவில் தொடங்கி மனிதனில் முடியும் ஓர் ஏணி மனத்தில் எழுந்து நின்றுவிடுகிறது. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘கூர்ப்பு’ என்ற சொல்லும், ‘உள்ளது சிறக்கும்’ என்று தொல்காப்பியம் அதற்குக் கூறும் பொருளைச் சுமந்து வருவதால், இந்த மயக்கத்திலிருந்து முழுவதும் தப்பவில்லை. உயிரியல் பேசும் பரிணாமத்தில் மேல்படி, கீழ்ப்படி என்று எதுவும் கிடையாது. நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. இன்னொரு விலங்கின் குடலில், ஏற்கெனவே செரித்த உணவில் ஊறிக்கிடந்து அதைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும் வாழ்வில், அதன் முன்னோருக்கு இருந்த அந்த உறுப்புகள் காலப்போக்கில் இல்லாமற் போயின. இருட்குகை மீன்கள் பல கண்ணை இழந்திருக்கின்றன. இவையும் பரிணாமமே. படைப்பை நம்புவோரும் பரிணாமத்தை ஏற்போரும் மோதிக்கொள்ளும் இடங்களைக் கவனித்தால், சான்றுகளைப் பற்றிய சண்டையைவிட, சான்றுகளுக்கு முன்பே கைக்கு வந்துவிட்ட இத்தகைய சொற்களைப் பற்றிய சண்டையே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏணியை நம்பியவர்களுக்கு அடுத்த கேள்வி தானாகவே வந்துவிடும்: மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால், இன்றைக்கும் குரங்குகள் ஏன் இருக்கின்றன? இன்றைய எந்தக் குரங்கிலிருந்தும் மனிதன் வந்ததாக உயிரியல் சொல்லவில்லை. சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது முன்னோரிலிருந்து மனிதக் கிளையும் சிம்பன்சிக் கிளையும் தனித்தனியே பிரிந்தன என்பதே அதன் கூற்று. நம் உறவுமுறைச் சொல்லில் வைத்துப் பேசினால் சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. பங்காளி உயிரோடு இருப்பதைக் காட்டி ஒருவர் தம் பாட்டனையே இல்லை என்று வாதிட முடியாது. அந்தப் பழைய வீட்டின் அடையாளம் நம் உயிரணுக்களுக்குள்ளேயே கிடக்கிறது. சிம்பன்சிக்கு 48 குரோமோசோம்கள், நமக்கு 46. நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் நடுப்பகுதியில், வழக்கமாகக் குரோமோசோமின் நுனியில் மட்டுமே காணப்படும் வரிசை, இரண்டு நுனிகள் முட்டிக்கொண்டது போல் எதிரெதிராக அமைந்திருப்பதை 1991ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். முன்னோரிடம் தனித்தனியாக இருந்த இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்ட இடம் அது.

‘வலியது வெல்லும்’ என்ற சுருக்கமும் இவ்வாறே தடம் மாற்றுவது. ‘தகுதியுடையது எஞ்சும்’ என்னும் மூலத் தொடர் டார்வினுடையது அன்று. 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஆக்கியதை, டார்வின் தம் ‘இனங்களின் தோற்றம்’ நூலின் 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எடுத்துக்கொண்டார். சூழலுக்குப் பொருந்தி, சந்ததியை விட்டுச்செல்வதே அங்கே கருதப்படும் தகுதி. உடல் வலிமை அதில் ஒரு கூறாகலாம், ஆகாமலும் போகலாம்.

நான் அதிகம் கேட்டிருக்கும் தவறு வேறொன்று. “மாத்திரையைத் தின்று தின்று கிருமி பழகிவிட்டது” என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். காரம் தின்று நாக்கு பழகுவதைப் போல், ஒவ்வொரு கிருமியும் மருந்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்ற எண்ணம் இந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் 1952இல் வெளியிட்ட ஆய்வு இதை ஒரு துண்டு வெல்வெட் துணியைக் கொண்டே சோதித்துவிட்டது. மருந்து எதுவும் கலக்காத தட்டில் பாக்டீரியாவை வளர்த்தார்கள். வட்டக் கட்டை ஒன்றின் மேல் வெல்வெட்டை இழுத்துக் கட்டி, முத்திரைக் கட்டையை மைத்தாளில் ஒற்றுவது போல் அந்தத் தட்டின் மேல் மெல்ல ஒற்றி எடுத்தார்கள். துணியின் நுண்ணிழைகளில் ஒட்டிக்கொண்ட பாக்டீரியாவை, மருந்து கலந்த வேறு தட்டுகளில் அதே கோணத்தில் ஒற்றினார்கள். பெரும்பாலானவை மடிந்தன. மடியாதவை ஒவ்வொரு தட்டிலும் ஒரே இடத்தில் முளைத்திருந்தன. பிறகு, மருந்தின் வாடையே படாத முதல் தட்டுக்குத் திரும்பி, அதே இடத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்து வளர்த்து, மீண்டும் மீண்டும் இவ்வாறே ஒற்றிப் பிரித்தபோது, மருந்தை ஒருமுறைகூடச் சந்திக்காமலேயே அதைத் தாங்கும் கூட்டம் அவர்கள் கைக்கு வந்தது. எதிர்ப்புத் திறன் மருந்துக்கு முன்பே சில உயிரணுக்களில் இருந்தது. மருந்து செய்ததெல்லாம் மற்றவற்றை அகற்றியதுதான். கிருமி பழகவில்லை, கிருமிக்கூட்டம் மாறியது.

‘எல்லாம் தற்செயல்’ என்ற குற்றச்சாட்டுக்கும் இந்த வெல்வெட் துணியிலேயே விடை இருக்கிறது. எந்த உயிரணுவில் எந்தச் சடுதிமாற்றம் (மரபுப்பொருளில் நேரும் மாற்றம்) நிகழும் என்பது தற்செயல். அவற்றுள் எது மருந்துத் தட்டில் எஞ்சும் என்பது தற்செயல் அன்று. முதல் பாதியை மட்டும் சொல்லி இரண்டாம் பாதியை மறைப்பவர்கள் படைப்பை ஆதரிப்போரில் மட்டுமல்லாமல், பரிணாமத்தை அவசரமாக விளக்குவோரிலும் இருக்கிறார்கள்.

இப்போது பெரிய குழப்பத்துக்கு வரலாம். உயிர் முதன்முதலில் எப்படித் தோன்றியது என்பது ஒரு கேள்வி. தோன்றிய உயிர் எப்படி இத்தனை இனங்களாகப் பிரிந்தது என்பது வேறொரு கேள்வி. 1859 நவம்பரில் வெளியான டார்வினின் நூல் பேசுவது இனங்களின் தோற்றத்தை. அதைத் தமிழில் ‘உயிரின் தோற்றம்’ என்று வழக்கில் சொல்லும்போது, அவர் எழுதாத நூலை அவர் தலையில் கட்டுகிறோம். அந்நூலின் கடைசி வாக்கியம், தொடக்கத்தில் சில வடிவங்களுக்கோ ஒரே வடிவத்துக்கோ உயிர் ஊதப்பட்டதாகக் கூறி அங்கிருந்தே புறப்படுகிறது. ‘படைத்தவரால்’ என்ற சொல்லைக்கூட இரண்டாம் பதிப்பில் அவர் அதில் சேர்த்தார். உயிரின் தொடக்கத்தைப் பற்றி, 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், வெதுவெதுப்பான சிறு குட்டை ஒன்றைக் கற்பனை செய்ததோடு நிறுத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் பரிணாமத்தை ஆதரிப்போரும் தவறுகிறார்கள். 1953இல் ஸ்டான்லி மில்லர், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் யூரியின் வழிகாட்டுதலில், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாட்களில் அமினோ அமிலங்கள் உருவாயின. மகத்தான சோதனைதான். ஆனால், ‘ஆய்வகத்தில் உயிரையே படைத்துவிட்டார்கள்’ என்று அதைச் சொல்வது பொய்யாகிவிடும். செங்கல் கிடைத்ததென்றால் வீடு கட்டியாயிற்று என்று பொருளாகாது. மேலும், ஆதிப் புவியின் வளிமண்டலம் மில்லர் எடுத்துக்கொண்ட கலவையைப் போல் இருந்திருக்காது என்றே பின்னர் வந்த ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். உயிரின் தொடக்கம் இன்னும் விடை முடியாத ஆய்வுக்களம். அதை ஒப்புக்கொள்வதால் இனங்களின் பரிணாமத்துக்கான சான்றுகள் ஒரு துளியும் குறைவதில்லை. அதேபோல, அங்கே விடை இல்லை என்பதைக் காட்டி இங்கே இருக்கும் விடையை மறுப்பதும் முறையாகாது.

‘அது வெறும் தியரிதானே’ என்ற வாதம் ஒருமுறை நீதிமன்றத்திலேயே விரிவாக அலசப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்னும் சிற்றூரின் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கையைப் படித்துக்காட்ட வேண்டும் என்று 2004இல் முடிவு செய்தது. டார்வினின் கோட்பாடு உண்மையன்று, அதில் இடைவெளிகள் உள்ளன, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ (உயிர்களை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தார் என்பது) என்னும் வேறு விளக்கமும் உண்டு, அதற்கான நூல் பள்ளியில் கிடைக்கும் என்பது அதன் சாரம். உயிரியல் ஆசிரியர்கள் படிக்க மறுத்தார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகள் வகுப்புக்குள் வந்து படித்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன்பே, 2004 டிசம்பரில், பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அறிவியலில் கோட்பாடு என்பது ஊகம் முதிர்ந்து உண்மையாவதற்கு முந்தைய நிலை அன்று. கருதுகோள்கள் பல சோதனையில் தேறி, பல உண்மைகளை ஒன்றாக விளக்கும் கட்டமைப்பையே அச்சொல் குறிக்கிறது என்று சாட்சிகள் விளக்கினர். திரைப்படத்தின் முடிவைப் பற்றி ‘என் தியரி இதுதான்’ என்று நாம் சொல்லும் தியரிக்கும் இதற்கும் சொல் மட்டுமே ஒன்று.

அவ்வழக்கில் எனக்கு மறக்க முடியாதது ஓர் அச்சுப்பிழை. பரிந்துரைக்கப்பட்ட அந்த நூலின் பழைய வரைவுகளை வரவழைத்துப் பார்த்தபோது, பொதுப்பள்ளிகளில் படைப்பு அறிவியலைக் கற்பிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்ததை ஒட்டி, ‘படைப்புவாதிகள்’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘வடிவமைப்பு ஆதரவாளர்கள்’ என்பது செருகப்பட்டிருந்தது தெரிந்தது. ஓரிடத்தில் கை தவறிவிட்டது. பழைய ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் கடைசி நான்கு எழுத்துகளும் அழியாமல் இருபுறமும் நிற்க, புதுச் சொல் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அன்று என்று தீர்ப்பளித்தார். இதையும் தவறாகப் படிப்பவர்கள் உண்டு. கடவுள் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாக அவர்கள் கொண்டாடுகிறார்கள். அறிவார்ந்த வடிவமைப்பின் வாதங்கள் உண்மையாக இருக்கலாம், அதைப் பற்றித் தாம் எந்த நிலைப்பாடும் எடுக்கவில்லை என்றே நீதிபதி எழுதினார். வாதிகள் தரப்பின் முதன்மைச் சாட்சியான உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். ஆக, நம்பிக்கையாளர் எல்லாரையும் ஒரே கட்சியில் அடைப்பதும் தவறுதான். பரிணாமத்தின் ஒளியில் அன்றி உயிரியலில் எதுவும் பொருள்படாது என்ற புகழ்பெற்ற கட்டுரையை 1973இல் எழுதிய தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி கிறித்தவரே. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996இல் பரிணாமத்தைக் கருதுகோளினும் மேலானது என்று குறிப்பிட்டார். படைப்பை நம்புவோருக்குள்ளும் புவிக்கு வயது சில ஆயிரம் என்பவர், கோடிக்கணக்கு என்பவர் என்று பிரிவுகள் பல. 1925இல் டெனசி மாநிலத்தின் டேட்டனில், பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர் மீது நடந்த ஸ்கோப்ஸ் வழக்கில் பைபிளின் தரப்பில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, படைப்பின் ஒரு நாள் என்பது 24 மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்று சாட்சிக்கூண்டில் ஒப்புக்கொண்டார். (அந்த வழக்கில் ஆசிரியர் ஸ்கோப்ஸ் வென்றார் என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1927இல் தொழில்நுட்பக் காரணத்தால் அது நீங்கியதே தவிர, பரிணாமம் கற்பிப்பதைத் தடுத்த சட்டம் 1967 வரை இருந்தது.)

காலக்கணிப்பைப் பற்றிய தவறைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கார்பன் முறை தவறு, ஆகவே டைனோசரின் வயதும் தவறு என்பார்கள். டைனோசருக்கு யாரும் கார்பன் முறையைப் பயன்படுத்துவதில்லை. அம்முறை அளக்கும் கதிரியக்கக் கார்பனின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளக்கப் போதுமானது மிஞ்சாது. பழைய பாறைகளுக்கு யுரேனியம், பொட்டாசியம் போன்ற மெதுவான கடிகாரங்கள் இருக்கின்றன. 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈயத்தைக் கொண்டு புவியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று கணித்தார். இன்றைய மதிப்பு அதிலிருந்து பெரிதாக நகரவில்லை.

குரங்கு மனிதனானதை யாரும் பார்க்கவில்லை என்று 2018 ஜனவரியில் ஒன்றிய இணை அமைச்சர் ஒருவர் பேசியதும், நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுப்பு வெளியிட்டதும் நினைவிருக்கலாம். பார்த்தால்தான் சான்று என்பது தவறான அளவுகோல்; முன்கூட்டிச் சொல்லித் தேடிக் கண்டடைவது அதைவிட வலுவானது. 38 கோடியே 50 லட்சம் ஆண்டுப் பாறையில் மீன்கள் கிடைத்தன, 36 கோடியே 50 லட்சம் ஆண்டுப் பாறையில் காலுள்ளவை கிடைத்தன. இடைப்பட்ட காலத்து ஆற்றுப்படிவங்கள் வெளித்தெரியும் இடத்தை நிலவியல் வரைபடத்தில் தேடிய தொல்லுயிரியலாளர் நீல் ஷூபினின் குழு, கனடாவின் வடகோடிக்கு 1999 முதல் பயணங்கள் மேற்கொண்டு, 2004இல் எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக் என்னும் புதைபடிவத்தைக் கண்டெடுத்தது. செதிலும் துடுப்பும் மீனுக்குரியவை. திரும்பும் கழுத்தும் துடுப்புக்குள் இருந்த மணிக்கட்டு எலும்புகளும் மீனுக்குரியவை அல்ல. ஆனால் இதையே ‘நம் நேரடி முன்னோர்’ என்று எழுதுவது எதிர்த்திசைத் தவறு. போலந்தில் அதைவிட மூத்த பாறையில் நான்கு கால் விலங்குகளின் தடங்கள் இருப்பதாக 2010இல் ஆய்வு வெளிவந்தது. டிக்டாலிக் இடைநிலை உடலமைப்புக்குச் சான்று, வம்சாவளிப் பத்திரம் அன்று.

மேற்கோளை நறுக்கும் பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். கண் இயற்கைத் தேர்வால் உருவானது என்பது அபத்தத்தின் உச்சமாகத் தோன்றுகிறது என்று டார்வினே எழுதியதாக ஒரு வரி சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதியது உண்மை. அடுத்த வரிகளில், எளிய கண்ணிலிருந்து சிக்கலான கண் வரை பயனுள்ள படிநிலைகள் இருப்பதைக் காட்ட முடிந்தால் அந்த இடர்ப்பாடு மெய்யானதாகாது என்று அவரே விடை கூறியிருப்பதை நறுக்கிவிடுகிறார்கள். தட்டைப்புழுவின் ஒளிப்புள்ளியும், நாட்டிலஸ் என்னும் கடலுயிரியின் வில்லையே இல்லாத துளைக்கண்ணும் இன்றும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

தமிழில் மட்டும் கேட்கும் ஒரு தவறும் உண்டு. ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்ற சிவபுராண வரியைக் காட்டி, டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மாணிக்கவாசகர் பரிணாமத்தைச் சொல்லிவிட்டார் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். வரிசையை முழுவதும் படித்தால் பறவைக்குப் பின் பாம்பு வருகிறது, பாம்புக்குப் பின் கல், கல்லுக்குப் பின் மனிதர், மனிதருக்குப் பின் பேய், கணங்கள், அசுரர், முனிவர், தேவர். இதைப் புதைபடிவ வரிசையாக்கினால் பாடலும் கெடும், உயிரியலும் கெடும். இயற்கைத் தேர்வு ஒரு கூட்டத்தில் தலைமுறை தலைமுறையாக நிகழ்வது. எந்தத் தனி உயிரும் அதில் பயணம் செய்வதில்லை. மாணிக்கவாசகர் பாடுவதோ ஒரே உயிரின் நெடும்பயணத்தை. ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்’ என்று அவர் முடிக்கும்போது அந்த இளைப்பு அவருடையது, எந்த இனத்துடையதும் அன்று.