எடை குறைந்த பச்சிளங்குழந்தைக்குப் பாலூட்ட உதவி: எதற்கு நேரில், எதற்கு அலைபேசியில்?

பிறந்தபோது 2.5 கிலோவுக்கும் குறைவாக இருந்த குழந்தையுடன் வீடு திரும்பும் தாய், ஐயம் எழும்போதெல்லாம் அலைபேசியில் ஆலோசனை கேட்கலாம். ஆனால், குழந்தைக்குப் பால் போதுமான அளவு போகிறதா என்ற கேள்விக்குத் தராசுதான் விடை சொல்லும்.

உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் விடும் ஒழுங்கு ஏறத்தாழ 34 வாரக் கருவளர்ச்சிக்குப் பிறகே அமைகிறது. அதையொட்டிப் பிறந்த குழந்தை சிறிது குடித்ததும் களைத்துத் தூங்கிவிடும். காணொளியில் பார்ப்பவருக்கு அது வயிறு நிறைந்த உறக்கமாகவே தோன்றும். ஆகவே வீடு திரும்புவதற்கு முன்பே, ஒருமுறை தொடக்கம் முதல் இறுதிவரை பாலூட்டுவதைச் செவிலியர் அருகிலிருந்து பார்க்கும்படி கேளுங்கள். கையால் பாலைப் பீய்ச்சவும் பாலாடையில் (மூக்குள்ள சிறு கிண்ணத்தில்) புகட்டவும் அவர் முன்னிலையிலேயே செய்து பழகுங்கள். அன்றைய எடையையும் அடுத்து எடை பார்க்க வேண்டிய நாளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தால் வீட்டுப் பெரியவர்களையும் உடன் அமர்த்துங்கள். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது போன்றவை அலைபேசித் திரையில் தெரிவதில்லை, நேரில் வருபவர் கண்ணுக்குத் தப்புவதும் இல்லை.

காணொளி வழியாகக் காட்டுவதாயின், சன்னல் வெளிச்சம் உங்கள் மீது விழும்படி அமர்ந்து, குழந்தையின் கன்னமும் தாடையும் பக்கவாட்டில் தெரியுமாறு அலைபேசியை வேறொருவர் பிடிக்கட்டும். வாய் வைப்பதற்கு முன்பிருந்தே காட்டுங்கள். வாய் அகலத் திறக்கிறதா, கீழுதடு வெளிப்புறம் மடிகிறதா, தாடை மார்பில் படிகிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும். விழுங்கும் ஓசை கேட்க மின்விசிறியைச் சற்று நிறுத்துங்கள். முந்தைய 24 மணி நேரத்தில் எத்தனை முறை பாலூட்டினீர்கள், எத்தனை முறை சிறுநீர் போயிற்று என்ற கணக்கும் கையில் இருக்கட்டும். 8 முறைக்குக் குறைவாகப் பாலூட்டியிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

பீய்ச்சும் நேரங்களை வகுப்பது, மார்பில் பால் கட்டிக்கொள்வது, குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பில் அணைக்கும் முறை, நள்ளிரவில் எழும் அச்சம் ஆகியவற்றுக்கு அலைபேசியே வசதியானது. காம்பில் வெடிப்பு ஆறவில்லை என்றாலோ எடை கூடவில்லை என்றாலோ நேரில்தான் காட்ட வேண்டும்.

குழந்தை பாலை மறுத்தால், எழுப்பியும் விழிக்காவிட்டால், உடல் சில்லிட்டால், நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தால் யாருடைய அழைப்புக்காகவும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வழியெல்லாம் குழந்தையைத் தோலோடு தோல் படுமாறு நெஞ்சோடு அணைத்து, மேலே போர்த்திக் கொண்டு செல்லுங்கள்.