கத்திக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

கோத்தகிரியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கத்திக்கு ஆர்டர் வாங்கிப் பட்டறைக்கு அனுப்புவதும் நான்தான், தகராறு வந்தால் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதும் நான்தான்.

போனில் படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். படத்தில் கனம் தெரியாது. அட்டையில் அளவாக வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். எதை வெட்டப் போகிறீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள். செடியில் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தியும் கேரட் நறுக்கும் கத்தியும் ஒரே இரும்பில் அடித்தாலும், வாயின் (வெட்டும் விளிம்பின்) கனமும் பதமும், அதாவது காய்ச்சி ஏற்றுகிற கடினமும், வேறு. வாய் மெல்லிசாக வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கி, அதில் ஆட்டெலும்பை உடைத்துவிட்டு வந்து நின்றால் கொல்லர் என்ன செய்வார்?

நம் பக்கம் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துத் தருவார்கள். நல்ல எஃகு, ஆனால் துருப்பிடிக்கும். ஐப்பசி மழையில் ஈரத்தோடு போட்டுவைத்தால் விடிவதற்குள் செம்புள்ளி வந்துவிடும். அதற்குப் பட்டறையைக் குறை சொல்ல முடியாது. துடைத்து எண்ணெய் தடவுவது உங்கள் வேலை. வெடிப்பு அப்படியில்லை. காய்ச்சித் தோய்க்கும்போது விழுகிற மயிரிழை வெடிப்பு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தெரியும். இருந்தால் மாற்றித்தான் தர வேண்டும், பேச்சே இல்லை.

அங்கேயே காய்ந்த கட்டையில் நாலு வெட்டு வெட்டிப் பாருங்கள். வாய் மடங்கினால் பதம் போதவில்லை, பேந்தால் பதம் மிஞ்சிவிட்டது. வீட்டுக்குப் போனபின் குறை தெரிந்தால் கிரைண்டரில் மட்டும் பிடிக்காதீர்கள். சூட்டில் வாய் நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று. அப்புறம் யார் தப்பென்று யாராலும் சொல்ல முடியாது.

முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். ரசீதில் அளவு, இரும்பு, பிடி மரம், தேதி எல்லாம் இருக்கட்டும். தேதி கொஞ்சம் தள்ளிப்போகும், அதற்கெல்லாம் சண்டை போடாதீர்கள். அடித்து முடித்தபின் பிடியை மாற்றச் சொன்னால் கூலி தனி.

அழகுக்கு வாள் அடித்துத் தரச் சொல்லிக் கொல்லர் மறுத்தால் கோபப்படாதீர்கள். வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ இல்லாத அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் 2016 ஆயுத விதிகளில் மாட்டும்.

பேசியும் தீரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை வந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், கையில் ரசீது வேண்டும்.