பழைய டிரங்குப் பெட்டியைப் பிள்ளைகளுக்குப் பரிசாக்குவது எப்படி

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் டிரங்குப் பெட்டி எடுக்கப் போனால் மேல் நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நிறத்தை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டைப் பாருங்கள். தரையோடு கிடப்பதால் துரு முதலில் பிடிப்பது அங்கேதான். உள்ளே செல்போன் டார்ச்சை எரியவிட்டு மூடினால் ஊசிமுனை ஓட்டைகூட வெளிச்சத்தில் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு ஓட்டை இருந்தால் அடைத்துக்கொள்ளலாம். விரலால் அழுத்தும்போதே தகடு உதிர்ந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். ஒடுக்கு விழுந்திருப்பது பெரிய விஷயமில்லை. உள்பக்கமிருந்து ரப்பர் சுத்தியலால், ஒடுக்கின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

தங்கை பிள்ளைகளுக்காக நான் எடுத்தவை இரண்டு. பெரியவளுக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஒரு ஹாஸ்டல் பெட்டி. நான்கு வயதுச் சின்னவனுக்கு அதைவிடச் சிறியது.

இனி சொல்வதுதான் முக்கியம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெட்டி என்றால், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறமென்றால், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கொஞ்சம் போனாலும் கெடுதல்தான். அதனால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, நெருப்பு காட்டிச் சுரண்டவும் கூடாது. தண்ணீரில் கரையாத உப்புத்தாளான வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஈரத்தோடு தேய்க்க வேண்டும். கீழே பழைய செய்தித்தாள் விரித்து, கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக்கூடாது. வழித்தெடுத்த சேற்றைச் சாக்கடையில் ஊற்றாமல் காயவிட்டுப் பொட்டலம் கட்டி, பெயிண்ட் கழிவு என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். அன்று உடுத்திய துணியையும் தனியாகத் துவையுங்கள்.

ஹாஸ்டல் பெட்டியின் மூடியில் 47 என்று அறை எண், வெள்ளை எழுத்தில், அழகான கையெழுத்து. அதை அழிக்க எனக்கு மனசில்லை, ஆனால் அந்த பெயிண்டை விட்டுவைக்கவும் முடியாது. டிரேசிங் பேப்பரில் அச்சு அசலாக எடுத்து வைத்துக்கொண்டு தேய்த்தேன். உங்கள் பெட்டியிலும் பழைய பெயரோ எண்ணோ இருந்தால் இப்படிச் செய்யுங்கள், கடைசியில் புது பெயிண்டில் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது துரு. அதற்கு முன் தகடு எது என்று தெரிய வேண்டும். பெயிண்ட் போன இடத்தில் சாம்பல் நிறத்தில் பூப்பூவாக மின்னினால் அது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு. அதில் வினிகர் வைக்காதீர்கள், பூச்சையே அரித்துவிடும். வெறும் இரும்பு என்றால் வினிகரில் நனைத்த துணியைத் துருவின் மேல் இரவு முழுக்கப் போட்டு, காலையில் இரும்பு நாரால் தேய்த்தால் கழன்று வரும். அப்புறம் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து வெயிலில் வையுங்கள். பெயிண்டுக்கு அடியில் பூசும் பிரைமரை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் புதுத் துரு படர்ந்துவிடும்.

பிரைமர் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். ரெட் ஆக்சைடு என்று கேட்டால் பல கடைகளில் ஜிங்க் குரோமேட் கலந்ததை எடுத்துக் கொடுப்பார்கள். குரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கேட்டு வாங்குங்கள். ஜி.ஐ. தகட்டுக்கு, துத்தநாகத்தைக் கவ்விப் பிடிக்கும் எட்ச் பிரைமர் வேண்டும். நேரடியாக எனாமல் பெயிண்ட் அடித்தால் துத்தநாகம் அதிலுள்ள எண்ணெயோடு சேர்ந்து அடியில் வழுவழுப்பாகி, பெயிண்ட் தோல் தோலாக உரியும்.

எனாமலும் ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் போட்டிருப்பதையே வாங்குங்கள். ஒரே தடவையில் கெட்டியாக அடிப்பதைவிட மெல்லிசாக இரண்டு கோட்டிங் நல்லது, இடையில் ஓர் இரவு காய வேண்டும். கோவையில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈர பெயிண்டில் தூசியைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். அப்போது கதவைத் திறந்துவைத்த ஷெட்டுக்குள் அடியுங்கள்.

பிள்ளைகள் பெட்டிக்கு மூடிதான் ஆபத்து. திறந்த மூடி தானாக விழாதபடி இரண்டு பக்கமும் சங்கிலியோ ஸ்டேயோ (மூடியைத் தாங்கும் மடக்குக் கம்பி) பிணையுங்கள். பெட்டி வாயின் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் ஒட்டினால் மூடி விழுந்தாலும் விரல் நசுங்காமல் இடைவெளி இருக்கும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ரிவிட் முனைகளை அரத்தால் ராவிவிடுங்கள். சின்னவனின் பெட்டி சிறியதென்றாலும் அவன் குந்தி உட்கார இடமிருக்கிறது. ஒளிந்து விளையாடும் வயது. மூடும்போது கொண்டி தானாக விழுந்து மாட்டிக்கொண்டால் உள்ளே மூச்சு முட்டும். அதனால் கொண்டியையே கழற்றிவிட்டேன். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே இரு பக்கமும், சுண்டுவிரல் நுழையாத அளவில், வரிசையாகத் துளைகளும் போட்டாயிற்று.

பழைய பெட்டியில் பாச்சை உருண்டை வாசம் ஊறியிருக்கும். வெயிலும் சோப்பும் போதும், சில நாள் பிடிக்கும். புதிதாக உருண்டை போடாதீர்கள், மிட்டாய் என்று குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். உள்ளே தாள் ஒட்டுவதும் வேண்டாம். மாவுப் பசைக்குப் பூச்சி வரும், பூச்சிக்காக மயில்துத்தம் கலந்தால் அதுவே விஷம். பழைய சுங்குடிச் சேலையை மடித்துத் தைத்து விரித்திருக்கிறேன், எடுத்துத் துவைத்துக்கொள்ளலாம்.

பெயிண்ட் வாசம் முழுக்கப் போகும்வரை மூடியைத் திறந்தே நிழலில் வைத்திருந்து, அப்புறம் கொடுங்கள். பெரியவள் பெட்டியில் அவள் பெயரும், அதற்குக் கீழே பழைய 47-ம். பூட்டுக்கு இரண்டு சாவி: ஒன்று அவளிடம், இன்னொன்று அம்மாவிடம். கழற்றிய கொண்டியைத் திருகாணிகளோடு ஒரு பையில் போட்டுத் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். சின்னவன் அந்தப் பெட்டிக்குள் நுழைய முடியாத அளவு வளர்ந்த பிறகு மாட்டிக்கொள்ளட்டும்.