சூடான பழத்தின் மேல் குளிர்ந்த மாவு: இருவருக்கான சிறு காப்ளர்

முதன்முறை காப்ளர் செய்தபோது, எட்டுப் பேருக்கான அமெரிக்கச் செய்முறை ஒன்றைப் பார்த்து, மூன்றே பேர் இருக்கும், சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலுள்ள எங்கள் வீட்டில் ஒரு பெரிய தட்டு நிறையச் செய்துவைத்தேன். மேற்புறம் நன்றாகப் பொன்னிறமாகச் சிவந்திருந்ததால் வெந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மகள் கரண்டியை உள்ளே விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, “மேல பிஸ்கட்டு, அடியில கஞ்சிம்மா” என்றாள். அவள் சொன்னது சரிதான்; பழத்தைத் தொட்டுக்கொண்டிருந்த மாவு வேகவே இல்லை. மீந்ததை மறுநாள் எடுத்துப் பார்த்தபோது மேற்புறமும் ஊறிக் களியாகியிருந்தது. இந்தப் பலகாரத்தைச் சிறு அளவில், உண்ணப்போகும் நேரத்துக்குச் சற்று முன்பாகத்தான் செய்ய வேண்டும் என்பதையும், பழம் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே குளிர்ந்த மாவை அதன் மேல் வைக்க வேண்டும் என்பதையும் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். இந்த இரண்டில் பின்னதுதான் முக்கியம். கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அதற்காகவே.

காப்ளர் என்பது சர்க்கரை சேர்த்த பழத்தின் மேல் மாவு உருண்டைகளை இட்டு ஓவனில் சுடும் அமெரிக்க வீட்டுப் பலகாரம். வெந்தபின் மேற்புறம் கல் பாவிய பழைய தெருவைப் போல மேடுபள்ளமாக இருப்பதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மேலே இடும் மாவை அமெரிக்கர்கள் பிஸ்கட் என்று அழைத்தாலும், நாம் தேநீரில் முக்கும் பிஸ்கட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது ஏறக்குறைய, ஆங்கிலேயர் தேநீரோடு உண்ணும் மென்மையான சிறு ரொட்டியான ஸ்கோன்தான். முட்டை சேர்ப்பதில்லை என்பதால், வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்களுக்கும் சைவம் மட்டுமே உண்பவர்களுக்கும் தயங்காமல் பரிமாறலாம்.

பழத்தைப் பொறுத்தவரை, பீச் பழம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. நடு ஆண்டில் பேரங்காடிகளில் பீச், நெக்டரின், பிளம் ஆகியவை நல்ல விலையில் கிடைக்கும்போது அவற்றை வாங்குங்கள். மற்ற நாட்களில் என் தேர்வு மாம்பழமும் அன்னாசியும் கலந்த கலவை. முற்றும் பழுத்த மாம்பழம் அப்படியே சாப்பிடுவதற்கு அருமையானதே தவிர, சுடும்போது கூழாகிவிடுகிறது. அழுத்தினால் சற்றே இடம் கொடுக்கும், ஆனால் விரல் பதியாத, புளிப்பு இன்னும் போகாத அரைப்பழமே இதற்கு ஏற்றது. அன்னாசியை ஈரச்சந்தையில் பாதியாக வாங்கிக்கொள்ளலாம். தோலைச் சீவி, கண்களைச் சாய்வாகச் செதுக்கி எடுத்து, சுற்றிச் சுற்றிப் பள்ளம் ஓடும்படி கடைக்காரரே வெட்டிக் கொடுப்பார். ஒருகாலத்தில் ரப்பரோடு அன்னாசியாலும் பெரும் பொருள் ஈட்டிய லிம் நீ சூனின் பெயரிலிருந்துதான் ஈசூனுக்குப் பெயர் வந்தது. அதனாலோ என்னவோ, எங்கள் வட்டாரத்தில் இருந்துகொண்டு அன்னாசி இல்லாமல் காப்ளர் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் ப்ரோமெலைன் என்ற நொதி உண்டு. பால், தயிர் ஆகியவற்றோடு அது சேர்ந்தால் சிறிது நேரத்தில் கசப்பு தட்டும். கொதிக்கவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும் என்பதால், பழத்தை முதலில் அடுப்பில் வேகவைக்கும் நம் முறையில் இந்தத் தொல்லை இல்லை. பப்பாளி, தர்பூசணி, ரம்புத்தான் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். சூடுபட்டால் அவற்றின் மணம் போய் வெறும் நீர்தான் மிஞ்சும். உறைந்த புளூபெர்ரியைப் பனி உருகவிடாமல் நேராகச் சட்டியில் போடலாம்.

இரண்டு பேர் தாராளமாகவும் மூன்று பேர் அளவாகவும் உண்ண, தோலும் கொட்டையும் நீக்கி முக்கால் அங்குலத் துண்டுகளாக வெட்டிய மாம்பழம் 250 கிராமும் அன்னாசி 100 கிராமும் போதும். இவற்றுக்குச் சர்க்கரை 30 கிராம், சோள மாவு இரண்டு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி லிமாவ் (சிறு பச்சை எலுமிச்சை) சாறு, விரும்பினால் இரண்டு ஏலக்காயின் பொடி. சர்க்கரையில் பாதிக்குப் பதிலாகக் குலா மலாக்கா எனும் பனைவெல்லத்தைத் துருவிச் சேர்த்தால் நிறம் கறுத்தாலும் சுவை ஆழமாகும். மேல்மாவுக்கு, பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்த செல்ஃப் ரைசிங் மாவு 60 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பில்லாத வெண்ணெய் 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, குளிர்ந்த பால் 40 மில்லிலிட்டர். பாலில் பாதியைக் கெட்டித் தயிராக மாற்றினால் மாவு இன்னும் மென்மையாக வரும். வீட்டில் மைதா மட்டும் இருந்தால், 60 கிராம் மைதாவுக்கு முக்கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

சோள மாவு வாங்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைகளில் ரொட்டி சுடுவதற்கான மஞ்சள் மக்காச்சோள மாவும் கிடைக்கும். நமக்கு வேண்டியது குழம்பைக் கெட்டியாக்கப் பயன்படும், விரலிடையில் தேய்த்தால் கிறீச்சிடும் வெள்ளை மாவு. பேக்கிங் பவுடரையும் சோதித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்துவைத்த டப்பா சில மாதங்களிலேயே வீரியம் இழந்துவிடக்கூடும். அரைத் தேக்கரண்டிப் பொடியைச் சுடுநீரில் போட்டால் உடனே பொங்கி நுரைக்க வேண்டும்; சோம்பலாக நாலு குமிழி மட்டும் வந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடலாம்.

சிறு அளவில் செய்யும்போது தராசு இல்லாமல் இறங்காதீர்கள். எட்டுப் பேருக்கான மாவில் ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் 60 கிராம் மாவில் ஒரு மேசைக்கரண்டி கூடுதலாக விழுந்தால், ஏழில் ஒரு பங்கு கூடிவிட்டதாக ஆகும், உருண்டைகள் கல்லாகிவிடும்.

முதல் வேலையாக வெண்ணெயை உறைபெட்டியில் அரைமணி நேரம் வைத்துவிடுங்கள். நம் சமையலறையில் பிற்பகல் வெப்பம் பல நாட்களில் 31 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. வெண்ணெயோ 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள். குளிர்நாட்டுச் செய்முறைகளில் சொல்வதுபோல விரல் நுனியால் வெண்ணெயை மாவில் பிசிறப் போனால், கைச்சூடும் அறைச்சூடும் சேர்ந்து அதை எண்ணெயாக்கிவிடும். வெண்ணெய் சிறு சிறு துணுக்குகளாக மாவுக்குள் தங்கி, ஓவனில்தான் உருக வேண்டும். அப்போது அதிலுள்ள நீர் ஆவியாகி, அந்த இடங்களில் காற்றறைகளை விட்டுச் செல்லும். உருண்டை பொலபொலவென்று பிரிவது அதனால்தான். எனவே உறைந்த கட்டியைத் தேங்காய்த் துருவல் போலப் பெரிய கண் துருவியில் துருவி, மாவு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றோடு முள்கரண்டியால் புரட்டி, கிண்ணத்தோடு மீண்டும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பாலை இப்போது ஊற்ற வேண்டாம்.

ஓவனை 190 டிகிரிக்குச் சூடேற்றத் தொடங்குங்கள். சிறு சட்டியில் பழத் துண்டுகள், சர்க்கரை, உப்பு, சோள மாவு ஆகியவற்றைப் போட்டுப் புரட்டி, நடுத்தர தீயில் வையுங்கள். முதல் இரண்டு நிமிடங்களுக்கு ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். பிறகு பழம் நீர் விட, சாறு முதலில் பால் கலந்ததுபோல் மங்கலாகவும், கொதி வந்ததும் கண்ணாடிபோல் தெளிந்து பளபளப்பாகவும் மாறும். அந்தத் தெளிவுதான் சோள மாவு வெந்ததற்கு அடையாளம். மங்கலாக இருக்கும்போதே இறக்கினால் நாக்கில் பச்சை மாவு வாடை அடிக்கும். தெளிந்தபின் ஒரு நிமிடம் மட்டும் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, அதன்பிறகே லிமாவ் சாற்றையும் ஏலப்பொடியையும் சேருங்கள். புளிப்போடு சேர்த்து நெடுநேரம் கொதித்தால் சோள மாவின் கெட்டித்தன்மை குறைந்துவிடும். அன்னாசியின் புளிப்பே போதுமானதாகத் தோன்றினால் லிமாவைக் குறைத்துக்கொள்ளலாம்.

கொதிக்கும் பழத்தை உடனே 15 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட பீங்கான் கிண்ணத்தில் ஊற்றுங்கள். கண்ணாடிக் கிண்ணமானால் அது அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடியில் கொதிக்கும் பழத்தைக் கொட்டினால் விரிசல் விட வாய்ப்புண்டு. விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டர் காலியாக இருக்கட்டும்.

இப்போது விரைந்து செயல்பட வேண்டும். குளிர்பெட்டியில் இருக்கும் மாவுக் கலவையில் பாலை ஊற்றி, முள்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று மட்டும் கலக்குங்கள். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இதுதான் கடினமான பகுதி. மாவு திரளவில்லையே, ஒட்டுகிறதே என்று மேலும் பிசையத் தோன்றும். பிசைந்தால் பசைத்தன்மை கூடி உருண்டை ரப்பர்போல் ஆகிவிடும். அங்கங்கே வெண்ணெய்த் துணுக்குகள் தெரிய, சொரசொரப்பாக, கரண்டியிலிருந்து தயங்கி விழும் பதத்தில் இருந்தால் போதும். அதை ஐந்து கரண்டியளவாகப் பிரித்து, சூடான பழத்தின் மேல் இடைவெளி விட்டு வையுங்கள். முழுவதும் மூடிவிட்டால் ஆவி வெளியேற வழியின்றி மாவின் அடிப்பாகம் கஞ்சியாகும். பழம் கொதிநிலையில் இருப்பதால் உருண்டைகள் கீழிருந்தும் வேகத் தொடங்கும். மேலிருந்து ஓவன் பார்த்துக்கொள்ளும். என் முதல் காப்ளரில் பழம் பச்சையாகவும் சில்லென்றும் இருந்ததால், அது சூடேறி முடிப்பதற்குள் மேற்புறம் சிவந்து என்னை ஏமாற்றிவிட்டது.

உருண்டைகளின் மேல் சற்றுப் பாலைத் தடவிச் சர்க்கரை தூவி, சாறு பொங்கி வழிந்தால் ஏந்திக்கொள்ள அடியில் ஒரு தட்டு வைத்து, 22 முதல் 25 நிமிடங்கள் சுடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நடுவிலுள்ள உருண்டையை முள்கரண்டியால் மெல்லத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அது இட்லியின் உட்புறம்போல உலர்ந்து துளைதுளையாக இருக்க வேண்டும். பசையாக மின்னினால் இன்னும் ஐந்து நிமிடங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பெரிய ஓவனுக்கு இடம் ஏது என்று கேட்பவர்களுக்கு, ரொட்டி சுடும் சிறு டோஸ்டர் ஓவனே இந்த அளவுக்குப் போதும். கம்பி மிக அருகில் இருப்பதால் கிண்ணத்தைக் கீழ்த்தட்டில் வைத்து, பதினைந்தாம் நிமிடத்தில் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். ஏர் ஃப்ரையரில் 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடங்கள் ஆகும். அதில் தாளைக் கிண்ணத்தின் விளிம்புக்கு அடியில் இறுக்கமாக மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் பறந்து மேலே சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும்.

எடுத்தவுடன் கரண்டியை விடாதீர்கள். சாறு கெட்டிப்பட 15 நிமிடங்கள் வேண்டும். அதற்கு முன் நாக்கு வெந்துபோவதுதான் மிச்சம். வெனிலா ஐஸ்கிரீம் எல்லாரும் வைப்பதுதான். எங்கள் வீட்டிலோ, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மணம் தரும் பாண்டான் (ரம்பை) இலையோடு சூடேற்றிய கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொள்கிறோம். குலா மலாக்கா சேர்த்துச் செய்த நாட்களில் அதுதான் பொருத்தம்.

மீந்தால், முழுவதும் ஆறியபின் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். நுண்ணலை அடுப்பில் சூடாக்கினால் உருண்டைகள் தொய்ந்துவிடும். டோஸ்டர் ஓவனில் 160 டிகிரியில் பத்து நிமிடங்கள் வைத்தால் மேற்புறம் மீண்டும் மொறுமொறுப்பாகும். மேல்மாவை மட்டும் இரட்டிப்பாகக் கலந்து, பாதியை உருண்டைகளாகத் தட்டில் வைத்து உறையவிட்டு, பிறகு நெகிழிப் பையில் கட்டி ஒரு மாதம்வரை உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். அவற்றைப் பனி உருகவிடாமல் அப்படியே கொதிக்கும் பழத்தின் மேல் அடுக்கி, சுடும் நேரத்தை ஐந்து நிமிடங்கள் கூட்டிக்கொள்ளுங்கள்.