சின்னக் கடைக்குத் தீப் பாதுகாப்பு: பின்கதவிலிருந்து தொடங்குங்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் மளிகைக் கடை ஒரு பழைய கடைவீட்டு வரிசையில் இருக்கிறது. கீழே வியாபாரம்; மேலே வேலையாட்கள் படுக்கும் அறை. தீபாவளிக்கு முந்தைய வாரம் தோட்டத்து ஜனங்கள் வந்து இறங்கினால் உள்ளே நிற்க இடமிருக்காது. அந்த நேரத்தில் தீப்பிடித்தால் இவர்கள் எந்த வழியாக வெளியேறுவார்கள்? அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

மலேசியாவின் 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டம் (சட்டம் 341) தீ அபாயம் என்று எதைச் சொல்கிறது தெரியுமா? வெளியேறும் வழி போதாமல் இருப்பதும், தீயணைப்புக் கருவி சரியாக இல்லாமல் இருப்பதும்கூட அதில் அடக்கம். அதைச் சரிசெய்யச் சொல்லி பொம்பா (தீயணைப்பு, மீட்புத் துறை) நோட்டீஸ் கொடுக்கலாம். வாடகைக்கு இருப்பவருக்கும் அது வரும். "கட்டடம் என்னுடையது இல்லையே" என்று கைகழுவ முடியாது.

படி 1: பின்கதவு

இன்றைக்கே இரவு கடை விளக்கை அணைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன். கிரில்லில் பித்தளைப் பூட்டு. சாவி கல்லாப்பெட்டியில், ஒரே வளையத்தில் ஏழு சாவிகளோடு. இருட்டில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன், ஆறாவதுதான் திறந்தது. புகை சூழ்ந்த நேரத்தில் ஆறாவது சாவி வரை யாரும் நிற்க முடியாது. மறுநாளே பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிற தாழ்ப்பாள் போட்டோம். மாடி ஜன்னல் கிரில்லையும் மறக்காதீர்கள், ஆள் தூங்குகிற இடம் அது. அரிசி மூட்டை, காலி அட்டைப்பெட்டி எதுவும் பின்வழியிலோ மாடிப்படியிலோ அஞ்சடியிலோ (கடை முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதை) இருக்கக்கூடாது.

படி 2: தீயணைப்பான்

கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், வாசலுக்குப் பக்கமாக மாட்டுங்கள். பவுடர் தீயணைப்பானில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா, கைப்பிடியில் செருகிய பாதுகாப்பு ஊசி (பின்) இருக்கிறதா, ஆண்டுச் சான்று காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். பிடிக்கும் விதம்: பின்னை இழு, குழாயை நெருப்பின் அடிப்பாகத்துக்குக் காட்டு, கைப்பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு.

எண்ணெய்ச் சட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. எங்கள் வரிசையில் ஒரு பலகாரக் கடையில் வடைச்சட்டி பற்றிக்கொண்டதும் பையன் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டான். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் பட்ட மாத்திரத்தில் ஆவியாகி எண்ணெயைத் தூக்கியெறியும். தீ கூரையைத் தொட்டது. அடுப்பை அணைத்து மூடி போட்டு மூட வேண்டும், அல்லது தீப் போர்வையால் மூட வேண்டும். மூடியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

படி 3: கேஸும் வயரும்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் கேஸ் தோம்பை (சிலிண்டரை) நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். ஒரே சாக்கெட்டில் நான்கு ஐஸ்பெட்டி வேண்டாம்.

படி 4: தாள் வேலை

எல்லாக் கடைக்கும் தீயணைப்புச் சான்றிதழ் தேவைப்படாது. தொழிற்சாலை, தங்கும் விடுதி, மருத்துவமனை போன்று 1998ஆம் ஆண்டு ஆணை பட்டியலிட்ட, குறிப்பிட்ட அளவுள்ள கட்டடங்களுக்கு அது வேண்டும்; ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். உங்கள் கட்டடம் அதில் வருமா என்று பக்கத்து பொம்பா நிலையத்தில் நேராகப் போய்க் கேளுங்கள். ஆள் வைத்திருந்தால் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் உங்களைக் கட்டும். 2024 ஜூன் 1 முதல், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருப்பவர், அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும்.

படி 5: ஒத்திகை

கடை மூடிய பிறகு எல்லோரையும் ஒரு தடவை பின்வழியாக நடத்திக் கூட்டிப் போங்கள். எங்கே கூடுவது, யார் தலை எண்ணுவது, யார் 999க்கு அழைப்பது என்று பேர் சொல்லி முடிவு செய்யுங்கள். கடை முகவரியை போன் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். புதிதாக வந்த பையனுக்கு நம் தெருப் பெயர் தெரியாது.