கோயில் கொடைக்கு, அதாவது ஊர்த்தெய்வத் திருவிழாவுக்கு, வில்லு (வில்லுப்பாட்டு) வைக்கப் போகிறீர்களா?

வரி பிரித்து, பந்தலுக்கும் மேளத்துக்கும் சொல்லிவிட்டுக் கடைசியில் வில்லுக்கு ஆள் தேடுவது பல ஊர்களில் வழக்கம். அப்படிச் செய்தால் மிச்சமிருப்பவர்தான் கிடைப்பார். கன்னியாகுமரி மாவட்டத்தில் அகத்தீஸ்வரம், தோவாளை பக்கம் கொடை பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியை ஒட்டியே வரும். ஒரே ராத்திரியில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வில்லு. நாள் குறித்த கையோடு வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்துவிடுங்கள்.

அப்போதே கோயிலில் உள்ள தெய்வப் பீடங்களைப் புலவரிடம் (கதை பாடும் தலைமைப் பாடகரிடம்) வரிசையாகச் சொல்லுங்கள். முத்தாரம்மன், சுடலைமாடன், இசக்கி என்று இருந்தால், எந்தப் பூசைக்கு எந்தக் கதை என்று முடிவாக வேண்டும். உங்கள் ஊர்க் கதையில் வேறுபாடு இருந்தால், பழைய ஏடோ நோட்டோ இருந்தால், அதையும் காட்டுங்கள். மேடையில் உட்கார்ந்தபின் திருத்தினால் சண்டைதான் மிஞ்சும்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். சுடலை கதையில் விளக்குச் சுடர் தெறித்துப் பார்வதியின் முந்தியில் விழும் இடம் வரும்போது கோமரத்தாடிக்கு (சாமியாடுபவருக்கு) அருள் வரவேண்டும், தீபாராதனையும் அங்கே நடக்கவேண்டும். காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் என்ற தொடக்கப் பாடல்கள் எல்லாம் பாடித்தான் கதைக்குள் நுழைவார்கள். மூன்று மணி நேரக் கதைக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் அறுபடுவது கதைதான். அந்த நேரத்தில் நையாண்டி மேளம் ஓய்ந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் ஒரு சொல் விளங்காது.

வில்லே பத்தடி அளவுக்கு வரும், அதனால் மேடை அகலம் பதினைந்து அடிக்குக் குறையக்கூடாது. உயரம் இரண்டடி போதும். ஆளுயர மேடை போட்டால் முன்வரிசைப் பாட்டிமாருக்குப் புலவர் முகம் தெரியாது. வில்லோடு சேர்த்துத் தாளத்துக்கு அடிக்கும் குடத்தை வெறும் பலகையில் வைத்தால் நகரும், விரிசலும் விடும். குடத்தை உட்காரவைக்க வைக்கோல் புரிமணை (வளையம்) ஒன்று தயாராக இருக்கட்டும். கூடுதலாக ஒரு மண்குடமும் வாங்கி வையுங்கள். அதன் விலையைப் பார்த்து யோசிப்பவர்கள் பாதிக் கதையில் குடம் உடைந்து பார்த்ததில்லை.

மைக் விஷயத்தில்தான் அதிகம் கெடுகிறது. குடத்தின் வாய்க்கு நேராக மைக் வைத்தால், பத்தியால் (குடம் அடிக்கும் மட்டையால்) அடிக்கும்போது வெளியே தள்ளும் காற்று மோதி 'பொத் பொத்' என்று இடிக்கும். ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைக்கவும். எக்கோவை முழுதும் அணைக்கச் சொல்லுங்கள். வில்லு மணியும் வில் நாணில் அடிக்கும் வீசுகோலும் ஏற்கெனவே கலகலக்கின்றன, எக்கோ சேர்ந்தால் பாட்டு குழம்பிவிடும். பின்பாட்டுக்காரருக்கும் தனி மைக் வேண்டும். அவர் 'ஆமா' போடுவது கேட்காவிட்டால் புலவர் தனியே புலம்புவதுபோல் இருக்கும்.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாவுக்கென அரசு தளர்வு தந்தாலும் 12 மணிவரைதான். காவல் நிலைய அனுமதியை முன்னரே வாங்குங்கள். அர்த்தசாமக் கதைக்கு ஒலிபெருக்கி இல்லாமல், மக்களை வில்லைச் சுற்றி நெருங்கி உட்காரவைக்கலாம். அப்படிக் கேட்பதுதான் சுகம்.

ஆடிச் சாரலிலும் பனியிலும் உடுக்கைத் தோல் தொய்யும். மேடைக்கு மேல் கூரை அவசியம். தகரம் என்றால் மழைச் சத்தத்தில் எதுவும் கேட்காது, ஓலை நல்லது.

கதை முடிவில் வாழி (வாழ்த்து) பாடுவதற்கு ஊர்ப்பெயர், தெய்வங்கள், முன்னோர் பெயர்களைத் தாளில் எழுதிப் புலவரிடம் மாலையிலேயே கொடுங்கள். நன்கொடையாளர் பட்டியலையும் அதோடு சேர்த்துவிடலாம். கதை நடுவில் யாரும் மைக் கேட்டு மேடையேறாமல் இருக்க வேறு வழியில்லை.